குளச்சல் கடல்காற்றில் ஒரு குகைமீன்: ரேடியான் ஆர்எக்ஸ் 6600, லினக்ஸ், மெய்நிகர் உலகம்

ரேடியான் ஆர்எக்ஸ் 6600 என்னும் இந்த கிராபிக்ஸ் கார்டின் இரண்டு விசிறிகளும் நாளின் பெரும்பகுதி சுற்றுவதே இல்லை. வாங்கிய முதல் வாரத்தில் அதைப் பழுது என்றே நினைத்து, கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சூடு ஓர் அளவைத் தாண்டும்வரை விசிறியை நிறுத்தி வைப்பது இதன் இயல்பு என்பது பிறகுதான் தெரிந்தது. மெய்நிகர் உலகங்களில் மணிக்கணக்கில் இருக்கும்போதும் அந்த அளவை இது பல நேரங்களில் எட்டுவதில்லை. ஏன் எட்டுவதில்லை என்று தேடப் போனதில் கற்றுக்கொண்டவைதாம் இந்த மதிப்புரையில் பாதிக்கு மேல் இருக்கின்றன.

என் பயன்பாடு எது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தக்கலையில் கட்டட வரைபடம் வரைவது என் தொழில். வீடு குளச்சலில், கடலோசை கேட்கும் தொலைவில். இரவு எட்டு மணிக்கு மேல், கணினிக்குள் முப்பரிமாண உலகங்களை அமைக்க உதவும் ஓப்பன்சிமுலேட்டர் என்னும் திறமூல (மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளில், நம் குமரி மாவட்டத்துக் கட்டுமானங்களை ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்ப்பது பொழுதுபோக்கு. இடையிடையே செகண்ட் லைஃப் என்னும் இணையவழி மெய்நிகர் உலகில் பிறர் கட்டியவற்றைச் சுற்றிப் பார்ப்பதும் உண்டு. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் இந்தக் கார்டு எப்படி ஓடும் என்று அறிய வந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

2024 பிப்ரவரியில் நாகர்கோவிலில், மணிமேடையிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் ஒரு கடையில் வாங்கினேன். விலை 20,000 ரூபாயைச் சற்றுத் தாண்டியது. எதற்கு என்று கடைத்தம்பி கேட்டபோது லினக்ஸ் என்று சொன்னது என் தவறு. "சார், லினக்ஸுன்னா நாங்க பொறுப்பு கிடையாது. அதுல படமே வரல்லன்னு திருப்பிக் கொண்டுவரப்பிடாது" என்று சொல்லிவிட்டு, பில்லின் பின்பக்கத்தில் அதை எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கேரள எல்லை தாண்டி இரண்டு எட்டு வைத்தால் பாறசாலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த அரசின் கைட் லினக்ஸில் பாடம் படிக்கிறார்கள். இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் கையெழுத்துக் கேட்கிறார்கள். அந்தப் பில்லை இன்னும் வைத்திருக்கிறேன், ஆனால் அதற்கு வேலை வரவில்லை.

கார்டைப் பற்றிய அடிப்படைச் செய்திகள் சில. ஏஎம்டி நிறுவனம் 2021 அக்டோபரில் 329 டாலர் விலையில் வெளியிட்ட இது, ஆர்டிஎன்ஏ 2 வகையைச் சேர்ந்தது. 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின்தேவை, ஒரே ஒரு 8 பின் மின் இணைப்பு. என் கணினியில் இதற்குத் துணையாக ரைசன் 5 5600 பிராசசரும் 16 ஜிபி ராமும் இருக்கின்றன. நிறுவியது டெபியன் 12 என்னும் லினக்ஸ் பதிப்பு.

நிறுவுதல் என்று எழுதுவதற்கே சங்கடமாக இருக்கிறது, ஏனெனில் நிறுவ ஒன்றும் இல்லை. லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கும் ஏஎம்டிஜிபியு என்னும் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கார்டை அடையாளம் கண்டுகொள்கிறது. அதற்கு மேல் மெசா என்னும் திறமூலத் தொகுப்பு மென்பொருள்கள் கார்டுக்கு வரைகலைக் கட்டளை அனுப்பும் ஓப்பன்ஜிஎல், வல்கன் என்னும் இரண்டு வழிகளையும் தருகிறது. மெசாவை பிரையன் பால் 1993-இல் தனியொருவராகத் தொடங்கினார். இன்று அதில் ஏஎம்டி, இன்டெல், வால்வ் முதலிய நிறுவனங்களின் பொறியாளர்களும் தன்னார்வலர்களும் ஒரே மூலநிரலில் வேலை செய்கிறார்கள். வல்கனுக்கான ராட்வி டிரைவரை 2016-இல் தொடங்கியவர்கள் ஏஎம்டி ஊழியர்கள்கூட அல்லர். கார்டை விற்ற நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர்களும் அதன் டிரைவரைத் திருத்த முடியும் என்பதைப் படித்தபோது கொள்கையாகத் தெரிந்தது. பயன்படுத்தும்போது வெறும் வசதியாகவே தெரிகிறது.

கணினி தொடங்கும்போது ஓடும் வரிகளை நிறுத்திப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தென்படும். இந்தச் சிப்புக்கு நிறுவனம் வைத்த பெயர் நேவி 23 என்றாலும், லினக்ஸ் டிரைவருக்குள் அதன் பெயர் டிம்கிரே கேவ்ஃபிஷ், அதாவது மங்கிய சாம்பல்நிறக் குகைமீன். அந்தத் தலைமுறைக் கார்டுகளின் சிப்புகள் எல்லாவற்றுக்கும் அங்கே மீன் பெயர்கள்தாம். விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கும் எங்கள் மாமாவிடம் இதைச் சொன்னேன். "அது நம்ம சந்தைக்கு வந்த மீனே இல்லியே மக்களே" என்றார். அந்த மீன் பெயர் தாங்கிய கோப்புகள் கார்டின் உள்ளே ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்பதையும், அவற்றின் மூலநிரல் வெளியிடப்படவில்லை என்பதையும் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாகாது. டிரைவர் முழுதும் திறந்தது. கார்டுக்குள் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கிறது. டெபியன் 12 முதல் அந்தக் கோப்புகள் நிறுவுதட்டிலேயே சேர்ந்து வருவதால் தேடி அலைய வேண்டியதில்லை. கடுமையான கட்டற்ற மென்பொருள் பற்றாளர்களுக்கு இது உறுத்தும். எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

இதற்கு முன் இருந்தது வேறொரு நிறுவனத்தின் கார்டு. அதன் டிரைவர் மூடியது. கர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த டிரைவரையும் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் அந்த வரிசைக் கார்டுகளுக்குப் புதிய டிரைவர் இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த புதுப்பித்தலில் கறுப்புத் திரை வந்தது. நல்ல நிலையில் இருந்த ஒரு பொருள், யாரோ ஒரு கோப்பைத் திருத்த விரும்பாததால் பயனற்றுப்போனது. இந்தக் கார்டுடன் 2025-இல் டெபியன் 12-இலிருந்து 13-க்கு மாறினேன். கர்னல் 6.1-இலிருந்து 6.12-க்கும், மெசா 22.3-இலிருந்து 25-க்கும் போயின. கணினியை மறுபடி தொடங்கினேன். திரையில் படம் வந்தது. இதைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது.

இனி வேகம். செகண்ட் லைஃப் 2003-இல் தொடங்கப்பட்டது. அந்த உலகைத் திரையில் காட்டும் வியூவர் மென்பொருளின் மூலநிரலை, அதை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் 2007 ஜனவரியில் வெளியிட்டது. நான் பயன்படுத்தும் ஃபயர்ஸ்டார்ம் அந்த மூலநிரலிலிருந்து கிளைத்தது. ஓப்பன்சிமுலேட்டர் உலகங்களுக்கும் அதுவே போதும். இந்த வியூவர் ஓப்பன்ஜிஎல் வழியாக வரைகிறது. பிராசசரில் எத்தனை கோர் இருந்தாலும், வேலையின் பெரும்பகுதியை முதன்மை இழை (ஒரு நேரத்தில் ஒரே கோரில் ஓடும் வேலைத்தொடர்) ஒன்றே சுமக்கிறது. எந்தப் பொருள் கண்ணில் படும், எந்த அவதாரின் கை எங்கே அசைய வேண்டும், எதை எந்த வரிசையில் வரைய வேண்டும் என்று அந்த ஓர் இழை முடிவு செய்து கட்டளை அனுப்பும்வரை கார்டு கைகட்டி நிற்கிறது.

இதை நம்பாதவர்கள் நான் செய்த எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். மாங்கோஹட் என்ற திறமூலக் கருவி, நொடிக்கு எத்தனை படம் வரையப்படுகிறது என்னும் ஃப்ரேம் எண்ணிக்கையையும் கார்டின் உழைப்பையும் திரையின் மூலையில் காட்டும். செகண்ட் லைஃபில் இருபது பேர் ஆடிக்கொண்டிருந்த ஓர் அரங்குக்குள் போனேன். நொடிக்கு 27, 28 ஃப்ரேம் வந்தது. கார்டு தன் திறனில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. பிராசசரின் ஒரு கோர் மட்டும் முழுதாக உழைத்தது. பிறகு திரையின் அளவை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்தேன். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன, ஆனால் அதே 28 ஃப்ரேம்தான் வந்தது. குறைபாடு கார்டில் இருந்திருந்தால் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். இதைவிட மூன்று மடங்கு விலையுள்ள கார்டை அந்த இடத்தில் செருகியிருந்தாலும் அந்த அரங்கில் பெரிய மாற்றம் இருந்திருக்காது. மாறாக, ஆளில்லாத என் சொந்த ரீஜனில் (மெய்நிகர் நிலப்பகுதியில்) நொடிக்கு 150 ஃப்ரேமுக்கு மேல் சாதாரணமாக வருகிறது. நிழல்களை இயக்கினால் அதே காட்சியை நிழலுக்காகவும் மீண்டும் மீண்டும் வரைய வேண்டியிருப்பதால் கார்டும் பிராசசரும் சேர்ந்தே திணறுகின்றன. அப்போதுதான் விசிறிகள் சுற்றத் தொடங்குகின்றன.

மெசாவில் ஜிஎல்திரெட் என்றொரு வசதி உண்டு. வியூவர் அனுப்பும் ஓப்பன்ஜிஎல் கட்டளைகளைப் பிரித்து அடுக்கும் வேலையை அது இன்னோர் இழைக்கு மாற்றிவிடும். அதை அணைத்தும் இயக்கியும் பார்த்ததில், கூட்டமான இடங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவு மாற்றம் இருந்தது, வெற்றிடங்களில் இல்லை. திறமூல டிரைவரின் பயனாக நான் நேரடியாக உணர்ந்த வேகம் என்றால் இதுதான். விண்டோஸில் ஏஎம்டியின் ஓப்பன்ஜிஎல் நெடுங்காலம் மந்தமாகவே இருந்து, 2022 ஜூலையில் வந்த டிரைவரில்தான் நிமிர்ந்தது. லினக்ஸில் இருந்தவர்கள் அந்தக் காத்திருப்பை அறியவே இல்லை.

ஆனால் கார்டையும் டிரைவரையும் விட அதிகமாக வேகத்தைத் தீர்மானிப்பது கட்டுகிறவர் கைதான் என்பதை மாத்தூர் தொட்டிப்பாலம் எனக்குக் காட்டியது. பறளியாற்றின் குறுக்கே 1966-இல் எழுந்த அந்தப் பாலம் 115 அடி உயரம், 28 தூண்கள் கொண்டது. ஓப்பன்சிமுலேட்டரின் வழக்கமான ரீஜன் 256 மீட்டர் சதுரம். பாலம் அதற்குள் அடங்காது என்பதால் 512 மீட்டர் ரீஜன் ஒன்றை அமைத்துக்கொண்டேன். தொழில்புத்தியில் ஒவ்வொரு தூணையும் தனித்தனியாக வரைந்தேன். ஒவ்வொன்றுக்கும் நிறம், மேடுபள்ளம், பளபளப்பு என மூன்று டெக்ஸ்சர்கள் (மேற்பரப்பில் போர்த்தும் படங்கள்), மூன்றும் 1024 புள்ளி அகலமும் உயரமும் கொண்டவை. ஒரு 1024 டெக்ஸ்சர் சுருக்கப்படாமல் கார்டின் நினைவகத்தில் ஏறும்போது, அதன் சிறிய பிரதிகளையும் சேர்த்து 5.3 எம்பி பிடிக்கிறது. 28 தூண்களுக்கு 84 டெக்ஸ்சர். ஏறத்தாழ 448 எம்பி. பாசி பிடித்த காங்கிரீட்டைக் காட்ட மட்டும் இவ்வளவு.

அது மட்டுமல்ல. முக்கோணங்களால் பின்னிய மெஷ் பொருள் ஒன்றுக்கு எட்டு முகங்கள்வரை தனித்தனி மேற்பரப்பு கொடுக்கலாம் என்பதால், எட்டையும் பயன்படுத்தியிருந்தேன். ஆக 28 தூண்களும் 224 துண்டுகளாக வியூவரின் தலையில் விழுந்தன. பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஃப்ரேம் எண்ணிக்கை பாதியாகச் சரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இரண்டே முகங்கள் கொண்ட ஒரு தூணை வரைந்து அதையே 28 இடங்களில் வைத்தேன். டெக்ஸ்சர் மூன்றே மூன்று. 448 எம்பி இருந்த இடத்தில் 16. 224 துண்டுகள் 56 ஆயின. பள்ளத்தாக்கின் இறக்கத்துக்கேற்பத் தூணின் உயரம் மாற வேண்டும் அல்லவா? அதை நீட்டினால் பாசிக்கறையும் சேர்ந்து நீளும். ஆகவே நீட்டாமல், மிகுந்த பகுதியை மண்ணுக்குள் புதைத்துவிட்டேன். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியவில்லை. கார்டு மறுபடியும் விசிறியை நிறுத்திக்கொண்டது.

கண்ணாடிப் பாலம் இதைவிடப் படுத்தியது. விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் பாலத்தை எழுப்பாமல் குமரிக் கடலை வரைந்தேன் என்று சொல்ல முடியாது. ஒளிபுகாத பொருளில் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைத்துவிடும். மறைந்ததை வரைய வேண்டியதில்லை. கண்ணாடியில் அந்தச் சலுகை கிடையாது. மற்றவை எல்லாம் வரைந்து முடிந்த பிறகு, தொலைவில் இருப்பதிலிருந்து அருகில் இருப்பதுவரை வரிசைப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடிகளைப் பூச வேண்டும். ஒவ்வொரு கண்ணாடிப் பலகையையும் தனிப்பொருளாக வைத்திருந்தேன். கேமராவைத் தாழ்த்திப் பாலத்தின் நீளவாக்கில் பார்த்தபோது பலகைகளின் வரிசை மாறி, கிட்டத்துப் பலகை தூரத்துப் பலகைக்குப் பின்னால் போய் நின்றது. நடக்க நடக்கத் தளம் கண்சிமிட்டியது. இதில் கார்டைக் குறைசொல்ல முடியாது, டிரைவரையும் முடியாது. தளத்தை முழுதும் ஒரே மெஷ்ஷாக்கி, கம்பிவேலி போன்ற பகுதிகளைப் பாதி ஒளிபுகும் வகையிலிருந்து, ஒரு புள்ளி முழுதாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது என்னும் வெட்டுவகைக்கு மாற்றிய பிறகு சிமிட்டல் பெரும்பாலும் நின்றது.

லேக் (தாமதம்) என்று எல்லாரும் ஒரே சொல்லால் குறிப்பதில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. செகண்ட் லைஃபின் சர்வர்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. குளச்சலிலிருந்து ஒரு கட்டளை போய்த் திரும்பும் நேரத்தை எந்த கிராபிக்ஸ் கார்டும் குறைக்காது. கதவைத் தொட்டால் அது திறப்பதற்குள் கொட்டாவி விடலாம். வீட்டுக் கணினியிலேயே ஓடும் ஓப்பன்சிமுலேட்டரில் அந்தத் தொல்லை இல்லை. டெக்ஸ்சர்கள் மங்கலாகத் தோன்றி மெல்லத் தெளிவடைவதும் கார்டின் வேலையன்று. அவை ஜேபெக் 2000 வடிவில் வருகின்றன, பிரிப்பது பிராசசர். வியூவரைத் தாமே தொகுத்துக்கொள்பவர்களுக்குக் கிடைப்பது ஓப்பன்ஜேபெக் என்னும் திறமூல நூலகம். லிண்டன் லேபின் வியூவரில் இருப்பது ககாடு என்னும் உரிமம் பெற்ற நூலகம். நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன், ககாடு வேகமானது. திறமூலம் என்பதற்காக அதை மறைக்க விரும்பவில்லை.

குறைகள் உண்டு. பெரிய டிவியை 4கே, 120 ஹெர்ட்ஸில் ஓட்ட எண்ணுபவர்கள் ஹெச்டிஎம்ஐ கேபிளை நம்ப வேண்டாம். அதற்கு வேண்டிய ஹெச்டிஎம்ஐ 2.1-ஐத் திறமூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்ட அனுமதியை அதற்குரிய மன்றம் மறுத்துவிட்டது என்ற செய்தி, நான் கார்டு வாங்கிய அதே மாதத்தில்தான் வந்தது. டிஸ்ப்ளேபோர்ட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அடுத்து, இந்தக் கார்டு மதர்போர்டோடு பேசுவது எட்டுத் தடங்களில் மட்டும். பிசிஐ 4.0 போர்டில் அது போதும், பழைய 3.0 போர்டில் பாதை பாதியாகிவிடும், நினைவகம் நிரம்பி வழியும் காட்சிகளில் அது தெரியும். செகண்ட் லைஃபில் இப்போது 2048 அளவு டெக்ஸ்சர்களும் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் 21 எம்பி. 8 ஜிபி இன்று எனக்குத் தாராளம். இருபது பேர் இருபது உடைகளோடு கூடும் இடத்தில் அது எவ்வளவு நாள் தாராளமாக இருக்கும் என்பது அவர்கள் உடுத்துவதைப் பொறுத்தது.

ஆகவே யார் வாங்கலாம்? லினக்ஸில் இருந்துகொண்டு, மெய்நிகர் உலகங்களில் கட்டவும் உலாவவும் விரும்பி, டிரைவரைப் பற்றி நினைக்கவே விரும்பாதவர்கள் வாங்கலாம். ஏற்கெனவே இதன் பாதித் திறனுள்ள ஏஎம்டி கார்டு வைத்திருந்து, கூட்டத்தில் ஃப்ரேம் குறைகிறதே என்று கவலைப்படுபவர்கள் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒற்றைக் கோரின் வேகம் கூடிய பிராசசரைப் பாருங்கள்.

நம் ஊருக்கு மட்டும் உரியதாக ஒரு செய்தி. கோடைமழையையும் சேர்த்தால் ஆண்டில் பாதி நாள் ஈரம். மீதி நாள் உப்புக்காற்று. என் பழைய கார்டைக் கழற்றியபோது அதன் தகட்டுத் திருகுகள் கையோடு பொடிந்து வந்தன. "கடல்காத்துல இரும்பு என்ன, எலும்பே நிக்காது" என்று மாமா சொல்வார். விசிறி சுற்றாத நேரமெல்லாம் அந்தக் காற்றைக் கார்டு உள்ளே இழுக்காத நேரம் என்பதால், முதலில் பழுதென்று நினைத்த அதே இயல்பை இப்போது தனிச்சிறப்பாகக் கருதுகிறேன். மின்சாரம் போகும் இரவுகளில் இன்வெர்ட்டரில் ஓட்டியதும் உண்டு. மாத்தூர் பாலத்தில் நிழல் இல்லாமல் நடக்கும்போது கார்டு 50 வாட்டைத் தாண்டவில்லை என்று மாங்கோஹட் காட்டியது. முழு வேகத்தில் ஓட்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. இந்த ஐப்பசி மழை ஓய்ந்ததும் கேபினட்டைத் திறந்து, அந்த 8 பின் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.